அம்மாவின் குளத்துக்கு ஒரு மோட்டார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். முன்பெல்லாம் கடிதத்தில் இந்த வரியை எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இன்றைக்கு என்னவோ 'உடம்புக்கு' என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். நம் வீட்டுப் போன் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், திரையில் உன் பெயர் தெரிந்ததும் ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுவோம், அதில் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் தும்மக்கூட முடியாது. அதுவும் போக, போனில் உன் முகம் தெரியும். இதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முதலில் மற்ற சேதிகளை எழுதிவிடுகிறேன். உன் அறைக் கதவு மழைக்கு உப்பிப்போய் மூட வரமாட்டேன் என்கிறது, தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்வதையே அவர் ஒரு தொழிலாக வைத்திருக்கிறார். எதிர்வீட்டு பஸ் டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது காலையில் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு போகிற வருகிற வண்டிகளை எல்லாம் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் முழங்கால் பரவாயில்லை. மாப்பிள்ளை போன தடவை பேசும்போது, குளத்துக்குப் புது மோட்டார் போட்டீர்களாமே, எந்த அளவு, எந்த மாதிரி வடிகட்டி என்று கேட்டார், நான் எல்லாம் பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவருக்கு இப்போது ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன், அவரிடம் படித்துக் காட்டு.

நீங்கள் இரண்டு பேரும் போன லீவில் வீட்டுப் பின்பக்கம் அம்மாவின் மீன்களுக்காக வெட்டிக் கறுப்பு விரிப்புப் போட்டுக் கொடுத்த குளம் ஒரு பெரிய கட்டில் அகலம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஆழம். அந்த அளவுத் தண்ணீர் முழுவதும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வடிகட்டிக்குள் போய் வந்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் அளவை நம்பி வாங்கக்கூடாது, அது தண்ணீரை மேலே ஏற்றாமல் பார்த்த கணக்கு, நாம் கல் மேலே ஏற்றி அங்கிருந்து விழ வைக்கிறோம், குழாய் ஏற ஏற வரத்து குறைந்துகொண்டே போகும், ஆகவே நம் உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று பெட்டியின் பக்கவாட்டில் போட்டிருக்கிற சின்னப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வடிகட்டி மோட்டாருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், சின்ன வடிகட்டிக்குள் பெரிய மோட்டாரைத் திருப்பிவிட்டால் அழுக்கு நிற்காமல் மறுபக்கம் ஓடிவிடும். மேலே அழுக்கைப் பிடிக்க ஸ்பாஞ்சு, கீழே சொரசொரப்பான கற்கள், அந்தக் கற்களில்தான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் கெடாமல் வைக்கிற நல்ல கிருமிகள் குடியிருக்கும், அவை குடிவந்து பெருகச் சில வாரம் ஆகும். பச்சை நிறத்துக்கு மட்டும் தனியாக ஒரு யூவி விளக்கு, அதாவது புற ஊதா விளக்கு, தண்ணீர் அதைக் கடந்து போனால் பாசி செத்து ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்சைக் கழுவுவதென்றால் குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் லேசாகப் பிழிய வேண்டும், குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது, அதில் இருக்கிற குளோரின் அந்தக் கிருமிகளைக் கொன்றுவிடும். பார், எவ்வளவு அழகாக எழுதுகிறேன். இதில் முன்பாதி எனக்கு எப்போதோ தெரியும், ஆயுசு முழுக்க மோட்டாரோடுதான் கிடந்தேன். பின்பாதியைத் தெரிந்துகொள்ள அம்மாவின் மீன்கள் அத்தனையையும் கொன்றேன்.

ஆமாம், கொன்றேன். நீ போனில் பார்த்துக்கொண்டிருக்கிற மீன்கள் பழைய மீன்கள் இல்லை. அம்மா வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் செய்துகொண்டு சித்தி வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது இது. ஆஸ்பத்திரி அங்கிருந்து பக்கம், குனியக்கூடாது தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் சித்தி அவளை விடவில்லை. நான் இங்கே தனியாக. குளம் அப்போது பச்சைப் பசேலென்று கிடந்தது, மீன் மேலே வந்தால்தான் மீன் இருப்பதே தெரியும். புதுக் கண்ணோடு வீட்டுக்கு வருகிறவள் முதல் முதலாக அந்த மீன்களைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது, அந்த ஆசையில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் காரியத்தில் இறங்கினது உன் அப்பா, குடிநீர் நிலையத்தில் தலை நரைத்த உன் அப்பா. என் வேலையில் சுத்தமான தண்ணீர் என்றால் அதில் ஒன்றும் உயிரோடு இருக்கக்கூடாது என்று அர்த்தம். அதைத்தான் ஊருக்கே செய்தோம், அதற்குத்தான் எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். மீன்களை வாளியில் எடுத்துவைத்துவிட்டு, குளத்தை இறைத்து, விரிப்பை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சையும் கற்களையும் அதே கரைசலில் ஊறவைத்து, வெள்ளை வெளேரென்று அலசி, குழாய்த் தண்ணீரை நேராக நிரப்பினேன். அந்தக் குழாய்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டாமா? எத்தனை வருஷம் அந்த வாசனையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன், அம்மா என் சட்டையைத் தனியாகத் துவைப்பாளே. பழைய மோட்டார் பொம்மை மாதிரி இருக்கிறதென்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கணக்கெல்லாம் தெரிந்தும் கடையில் இருந்ததிலேயே பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டினேன். சாயங்காலம் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அடியில் கிடக்கிற கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. மீன்களை விட்டுவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் எல்லாம் மல்லாந்து மிதக்கின்றன. அம்மா பெயர் வைத்துக் கூப்பிட்ட மேஸ்திரி, சோம்பேறி, மச்சக்காரி, எல்லாம்.

மச்சக்காரியை உனக்கு ஞாபகம் இருக்கும், நெற்றியில் கறுப்பாக ஒரு மச்சம், அம்மா விரலைத் தண்ணீரில் விட்டால் முதல் ஆளாக வந்து கவ்விப் பார்க்கும். சித்திக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன், அம்மாவே எடுத்துப் பேசினாள், மீனுக்குத் தீனி போட்டீங்களா என்றாள், போட்டேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. அவள் வருவதற்குள், குளோரின் போகட்டும் என்று தண்ணீரை ஆறவிட்டு, கடையில் கொடுத்த சொட்டு மருந்தையும் விட்டு, நீ எடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, அதே நிறம் அதே நீளம் என்று பொறுக்கிப் பொறுக்கி வாங்கி விட்டேன். நெற்றியில் மச்சம் உள்ளது மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. புரை விழுந்த கண்ணால்தானே இவ்வளவு நாள் பார்த்தாள், அவளுக்கு எங்கே அடையாளம் தெரியப்போகிறது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். எழுதவே கூசுகிறது. அவள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தவன், அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்கிற நம்பிக்கையில் வந்து நின்றேன்.

வந்த அன்றைக்கே பின்பக்கம் போனாள். கறுப்புக் கண்ணாடியோடு குனியாமல் நின்று வெகு நேரம் பார்த்தாள். மச்சக்காரி எங்கே என்று கேட்டாள். அதோ அதுதான் என்று ஒன்றைக் காட்டினேன். அதுக்கு மச்சம் இல்லையே என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா, மச்சமெல்லாம் எப்போது இருந்தது, உன் கண்ணில் இருந்த புரைதான் அப்படிக் கறுப்பாகத் தெரிந்திருக்கும் என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். அவள் தலையைத் தாழ்த்தாமல் மெல்லக் குந்தி உட்கார்ந்து விரலைத் தண்ணீரில் விட்டாள், ஒரு மீனும் வரவில்லை, பெரிய மோட்டார் தள்ளுகிற தள்ளில் அவை கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கிடந்தன. என் கண்ணாடியைப் பார்த்துப் பயப்படுதுங்க போல என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மாதிரியாகிவிட்டாள். பேப்பரை எட்டப் பிடிப்பாள், கிட்டப் பிடிப்பாள், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் பார்ப்பாள். அரிசியைப் புடைத்துவிட்டு, கல் இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாள். இடது கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னது அதனால்தான். பழைய கண்ணுக்கு மச்சம் தெரிந்தது, புதுக் கண்ணுக்கு இல்லாததாகத் தெரிகிறது, அப்படியென்றால் புதுக் கண்தான் எதையோ விடுகிறது, இருக்கிற ஒன்றையும் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன் என்பது அவள் கணக்கு. கணக்கில் ஒரு பிசகும் இல்லை, அதுதான் மச்சக்காரி என்று நான் கொடுத்த தகவல்தான் பொய். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அவளைப் பிடிபிடியென்று பிடித்தாயே, சின்னக் குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறாய், அங்கே உன்னைப் பார்த்துக்கொள்கிறவர் நிலைமையை யோசித்தாயா என்று கேட்டாயே, நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். நன்றாகச் சொல்லு, நான் சொன்னால் எங்கே கேட்கிறாள் என்று ஒத்து வேறு ஊதினேன். அம்மா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நீ தப்பாக ஒன்றும் சொல்லவில்லை கண்ணு, உனக்குத் தெரியாது. தெரிந்த நான் அவள் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று இரண்டு பேரும் வண்ணமீன் கடைக்குப் போனோம். மோட்டார் வேகம் அதிகமோ என்னவோ, அதனால்தான் மீன்கள் ஒளிகின்றன என்று அம்மாதான் கண்டுபிடித்தாள், சின்னதாக வேறு எடுக்கலாம் வாருங்கள் என்று அவளே கிளம்பினாள். நான் அலமாரியில் இருந்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்த கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் கடைக்காரரைக் கூப்பிட்டு, அந்த மீன் வாலில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கும்மா என்றார். அடுத்த தொட்டிக்குப் போய், இதன் முதுகில் கறுப்பாக இரண்டு புள்ளி இருக்கிறதா என்றாள். ஆமாம் என்றார். அந்த ஓரத்தில் நிற்கிறதற்கு நெற்றியில் ஒன்றும் இல்லைதானே என்றாள், இல்லை என்றார். வாங்கப்போகிற அம்மா ஏதோ அடையாளம் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்திருப்பார். அவள் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு மனிதரை நிற்கவைத்து, பரீட்சை எழுதின பிள்ளை விடையைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு மீனாகக் கேட்டுக்கொண்டு போனாள். அத்தனையும் சரியாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. அப்படியானால் வீட்டில் மட்டும் ஏன், என்று யோசிக்கிற முகம். வீட்டில் பொய் சொல்கிற ஒரு ஆள் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை பார், அதுதான் என்னை அடித்துவிட்டது. கையில் மோட்டார்ப் பெட்டியோடு அங்கேயே சொன்னேன். "உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. மச்சக்காரிக்கு மச்சம் இருந்துச்சு. அது செத்துப்போச்சு. எல்லாமே செத்துப்போச்சு, நான்தான் காரணம்." கடைக்காரர் மெதுவாக நகர்ந்து தீனிப் பாக்கெட்டுகளை அடுக்கப் போய்விட்டார்.

அம்மா கத்தவில்லை. மீன் எப்படிச் செத்தது என்றுகூட முதலில் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். "எனக்குக் கண்ணு போயிடுச்சோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தது உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். என் கையில் இருந்த பெட்டியைக் காட்டி, இப்போது இருக்கிறதாவது பிழைக்கட்டும், எந்த மோட்டார் என்று பார்த்து எடுங்கள் என்றாள். நான் எடுத்ததை வாங்கி, அதற்குள் இருந்த வழிமுறைத் தாளை அங்கேயே பிரித்து, பொடி எழுத்தையெல்லாம் வாய்விட்டு ஒரு வரி விடாமல் படித்தாள். குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது என்ற வரி வந்தபோது நிறுத்தவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. படித்து முடித்து, யூவி விளக்கு இப்போதைக்கு வேண்டாம், பச்சையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து புது மோட்டாரை மாட்டினோம். மாட்டினோம் என்று எழுதுகிறேன், நான் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். தண்ணீர் இப்போது கல் மேலிருந்து அமைதியாக வழிகிறது, மீன்கள் வெளியே வர ஆரம்பித்திருக்கின்றன, இன்னும் அவள் கைக்கு வரவில்லை. ஸ்பாஞ்சை என் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறாள். இடது கண்ணுக்கு அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் வாங்கிவிட்டாள். கூட வருவதற்குச் சித்தியைக் கூப்பிட்டிருக்கிறாள், என்னை இல்லை. நான் வருகிறேனே என்றதற்கு, நீங்கள் வீட்டைப் பாருங்கள் என்றாள், பிறகு கொஞ்சம் யோசித்து, ஒன்றையும் கழுவாமல் பாருங்கள் என்றாள். அது கேலியா கோபமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, கேலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். அவளே உனக்குச் சொல்லியிருப்பாள், நானும் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், தீர்ந்தது. இன்று காலையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். நான் புதைக்கவில்லை கண்ணு. தோண்டினால் மண் புதிதாகத் தெரியும், வந்ததும் கேட்பாள் என்று பயந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். அவள் பெயர் வைத்து வளர்த்தவற்றை, காய்கறித் தோலோடு தோலாக. நேற்றுத்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பெரிய பாரம் இறங்கின மாதிரி தூங்கி எழுந்தவன் நான். அவள் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்காமல், எலுமிச்சைச் செடிக்கு அடியில் என்று கையைக் காட்டினேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் சொல்வது இவ்வளவு பழகிப்போய்விட்டது எனக்கு. என்னை நினைத்தால் எனக்கே சீ என்று வருகிறது. அவள் தலையாட்டிவிட்டு வெளியே போனாள். சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இங்கிருந்து செடி தெரிகிறது. சருகையெல்லாம் கையால் தள்ளிவிட்டு, குளத்து ஓரத்தில் மீந்துகிடந்த கூழாங்கற்களைக் கொண்டுவந்து செடியைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கல்லைத் துணியால் துடைத்துத் துடைத்து வைக்கிறாள்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் இஷ்டம், மோட்டார் விஷயத்தை மட்டும் சொன்னால்கூடப் போதும், அவர் என்னை ரொம்பவும் மரியாதையாக நினைத்துக்கொண்டிருக்கிறார், அதற்கு நான் லாயக்கு இல்லை. குட்டிக்கு மழையில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று காபியிலேயே பொழுதை ஓட்டாதே. முக்கியமாக ஒன்று, இது கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசினதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடு. ஒன்றும் தெரியாத மாதிரி அவளிடம் பேசாதே, இந்த வீட்டில் அவளுக்கு நடித்துக் காட்டியது போதும். அப்பா எல்லாம் எழுதினார் என்றே சொல்லு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேச முடிகிறவர்களாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் அவளிடம் சொல்லப் போகிறேன், அங்கே ஒன்றும் இல்லை என்று. சொல்லாமல் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதில்லை. உன் கைக்கு இது வந்திருந்தால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

உன் அப்பா